கைவினைப் பொருட்களை வீட்டில் எப்படி அடுக்கி வைக்கிறீர்கள்? இடமும் குறைவு, பணமும் குறைவு

சின்னத்தறி (இழையைத் தொடங்கியவர்)

தோழர்களே, வணக்கம். பல மாதங்களாக இங்கே படிப்பதோடு சரி, இன்றுதான் முதல்முறையாகக் கேள்வி கேட்கிறேன்.

எம்பிராய்டரி, குவில்லிங் (தாள் பட்டைகளைச் சுருட்டிச் செய்யும் வேலை), கொஞ்சம் பாசிமணி வேலை செய்கிறேன். போன வருடம் குரோஷேவும் (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) சேர்ந்துகொண்டது. பொருட்கள் எல்லாம் மூன்று துணிப்பைகளிலும் கட்டிலுக்கு அடியில் உள்ள ஒரு பழைய சூட்கேஸிலும் கிடக்கின்றன. போன வாரம் ஒரு பூ வேலையை முடிக்கக் கறுப்பு நூல் தேவைப்பட்டது. ஒரு மணி நேரம் தேடினேன், கிடைக்கவில்லை. மறுநாள் புதிதாக ஒன்று வாங்கி வேலையை முடித்தேன். இரண்டு நாள் கழித்துக் குவில்லிங் தாள்களைத் தேடும்போது, அதே எண்ணுள்ள கறுப்பு நூல் நான்கு சிட்டம் (நூல் கட்டு) பைக்கு அடியில் கிடைத்தது. வீணான காசை விடவும் அந்த ஒரு மணி நேரம்தான் மனதை உறுத்துகிறது. குழந்தை தூங்கிய பிறகு எனக்குக் கிடைப்பதே இரண்டு மணி நேரம்தான்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்க முடியாது. அலமாரியில் ஒரு தட்டு மட்டும் எனக்கு. அகலம் 90 செ.மீ., ஆழம் 40, உயரம் 35. கட்டிலுக்கு அடியில் 18 செ.மீ. உயரத்துக்கு இடம் இருக்கிறது. வேலை செய்வது சாப்பாட்டு மேசையில் என்பதால் ஒவ்வொரு இரவும் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாக வேண்டும். குழந்தைக்கு நான்கு வயது.

ஒரே அளவில், ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கும் டப்பாக்களின் படங்களைப் பார்க்கும்போது ஆசையாக இருக்கிறது. அத்தனையும் வாங்க என்னால் இயலாது. எங்கிருந்து தொடங்குவது?

நூல்பந்து

முதல் வேலை, எதையும் வாங்காமல் இருப்பது. இதை அழுத்தியே சொல்கிறேன்.

ஒரு விடுமுறை நாளில் தரையில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை விரியுங்கள். மூன்று பைகளையும் சூட்கேஸையும் அதன்மேல் கவிழ்த்துவிடுங்கள். நூல் ஒரு குவியல், தாள் ஒரு குவியல், பசை வகைகள் ஒரு குவியல் என்று பிரியுங்கள். அந்த நேரத்தில் நல்லது கெட்டது பார்க்க வேண்டாம், இனம் மட்டும் போதும். பிறகு ஒவ்வொரு குவியலையும் எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை கத்தரிக்கோல், எத்தனை பசைக் குப்பி, எத்தனை கறுப்பு நூல் என்று எழுதினாலே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். டப்பா எத்தனை வேண்டும், எந்த அளவில் வேண்டும் என்பதை அந்தக் குவியல்களே சொல்லும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். 24 அறைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியை முதலில் வாங்கினேன். அறைகள் எல்லாம் மணிகளுக்கான அளவு. என்னிடம் இருந்ததோ பெரும்பாலும் கம்பளி நூல் உருண்டைகள். ஒரு வருடம் அந்தப் பெட்டி காலியாகவே இருந்தது, நூல் மூட்டையிலேயே இருந்தது.

இன்னொன்று. உங்கள் தட்டின் உயரம் 35 செ.மீ. என்றால் 33 செ.மீ. உயர அடுக்கு உள்ளே போகும். ஆனால் மேல் டப்பாவின் மூடியைத் திறக்க இடம் இருக்காது. ஒவ்வொரு முறையும் முழு அடுக்கையும் வெளியே இழுத்தாக வேண்டும். நான்கு நாளில் கை சலித்துவிடும். கைக்கும் மூடிக்கும் 8 செ.மீ. ஆவது விட்டுக் கணக்கிடுங்கள்.

பழையபெட்டி

நூல்பந்து சொன்னதற்குப் பிறகு என் பங்கு வருகிறது. குவியல் பிரித்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் தட்டுக்கு நெளி அட்டையில் இழுப்பறைகளே செய்துகொள்ளலாம். எந்தப் பொருள் வாங்கினாலும் வரும் அட்டைப்பெட்டிதான். பலரும் செய்து பார்த்து, இரண்டு மாதத்தில் தொய்ந்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். காரணம் அட்டை மோசம் என்பதல்ல, நெளிவின் திசை. நெளி அட்டையை ஓரத்தில் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னக் குழாய்கள் போலத் தெரியும். அந்தக் குழாய்கள் செங்குத்தாக நின்றால்தான் மேலிருந்து வரும் எடையைத் தாங்கும். படுக்கை வாட்டில் இருந்தால் கொஞ்ச எடையிலேயே மடங்கிவிடும். ஆகவே இழுப்பறைகள் நுழையும் வெளிக்கூட்டின் பக்கச் சுவர்களை வெட்டும்போது நெளிவு மேலும் கீழுமாக ஓட வேண்டும். அடித்தட்டுக்கு இரண்டு அட்டைகளை எடுத்து, ஒன்றின் நெளிவு நீளவாக்கிலும் மற்றதன் நெளிவு குறுக்கிலும் இருக்கும்படி ஒட்டுங்கள். ஒட்டியதும் கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு அழுத்தி வையுங்கள். மறுநாள் தட்டிப் பார்த்தால் பலகை போல ஒலிக்கும்.

பசைக்கு வெள்ளை நிற பிவிஏ பசை போதும். மெல்லியதாகத் தடவுங்கள், ஈரம் அதிகமானால் அட்டை வளைந்துவிடும். மாவுப் பசை வேண்டாம். மாவுச்சத்தும் தாளும் சேர்ந்த இடம் வெள்ளிமீன் பூச்சிக்கு விருந்து. வெட்டிய ஓரங்களைத் தாள் டேப்பால் மூடிவிடுங்கள். அழகுக்கு மட்டுமல்ல, அந்தக் குழாய்களுக்குள்தான் சிறு பூச்சிகள் குடியேறும். இழுப்பறைக்கும் கூட்டுக்கும் இடையில் இருபுறமும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் அட்டை கொஞ்சம் பருத்தாலும் இழுக்க வரும்.

வீட்டில் தேடினால் மற்றவையும் கிடைக்கும். காலணிப் பெட்டி, ஜாம் சீசா, மாத்திரை டப்பா, பனிக்கட்டி அச்சு, கரண்டித் தட்டு. கதவின் பின்புறம் தொங்கவிடும் காலணிப் பை ஒன்று இருந்தால் ஆணியே இல்லாமல் இருபது அறைகள் வரை கிடைத்துவிடும்.

மணிக்கோவை

பாசிமணிக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த துறை.

மணிகளை நிறத்தால் பிரிப்பதற்கு முன் அளவால் பிரியுங்கள். அளவு எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. எண் கூடக் கூட மணி சிறிதாகும். 6/0 சுமார் 4 மி.மீ., 8/0 சுமார் 3 மி.மீ., 11/0 சுமார் 2 மி.மீ., 15/0 சுமார் ஒன்றரை மி.மீ. 11ஐயும் 15ஐயும் ஒரே சீசாவில் கொட்டினால் பிறகு பிரிக்க நீங்கள்தான் உட்கார வேண்டும். அதில் போகும் மாலைப்பொழுதை உங்களுக்கு யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

சீசாவை விடச் சிறிய ஜிப் பைகள் மலிவு, இடமும் பிடிக்காது. ஒவ்வொரு பையின் மேல் மூலையிலும் துளை போட்டு, ஒரே அளவு மணிகள் உள்ள பைகளை ஒரு வளையத்தில் கோத்துவிடுங்கள். சாவிக்கொத்து போல ஆகிவிடும். புரட்டினால் நிறம் தெரியும். துளையை ஜிப்பிற்கு மேலே போட வேண்டும், கீழே போட்டால் மணி கசியும். பைக்குள் ஒரு சிறு தாளில் அளவும் வாங்கிய மாதமும் எழுதிப் போடுங்கள்.

வெள்ளி, செம்புக் கம்பிகளை ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள். பல ரப்பர்களில் உள்ள கந்தகம் உலோகத்தைக் கறுப்பாக்கிவிடும். நூலால் கட்டுங்கள்.

மணி தரையில் கொட்டினால் வாக்யூம் கிளீனரின் வாயில் பழைய காலுறையை இழுத்துக் கட்டிவிட்டு உறிஞ்சுங்கள். மணி காலுறையில் நிற்கும். கருவி இல்லாதவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு தட்டில் ஃபெல்ட் துணி விரித்து, அதன்மேல் மணியைக் கொட்டிக்கொண்டால் உருளாது.

தாள்மயில்

தாளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள். அடியில் உள்ள ஒரு தாளை எடுக்க மேலே உள்ள நாற்பதையும் தூக்க வேண்டும், அதில் இரண்டின் மூலை மடங்கும். நிறுத்தி வையுங்கள், புத்தகம் போல. ஏ4 தாள் 210க்கு 297 மி.மீ. உங்கள் தட்டின் உயரம் 350. நெட்டாக நிறுத்தினாலே இடம் இருக்கிறது. தாள்கள் குறைவாக இருந்தால் சாய்ந்து வளைந்துவிடும், ஆகவே பின்னால் ஓர் அட்டையை வைத்து இறுக்கமாக நிறுத்துங்கள்.

குவில்லிங் பட்டைகளை நிறவாரியாகக் கட்டி, ஒரு முனையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் நேராக இருக்கும். 3 மி.மீ. பட்டையும் 5 மி.மீ. பட்டையும் தனித்தனிக் கிளிப்பில். சுருட்டி வைத்தால் அந்தச் சுருளே பட்டையில் பதிந்துவிடும், நேர்க்கோட்டு வேலைக்கு உதவாது.

நல்ல தாள்களைச் செய்தித்தாளில் சுற்றி வைக்க வேண்டாம். செய்தித்தாள் செய்யும் மரக்கூழில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம். அது காலப்போக்கில் மஞ்சளாகும், தொட்டுக்கொண்டிருக்கும் வெள்ளைத் தாளையும் கறையாக்கும்.

மனதில் உள்ள இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். துணுக்குகளை எல்லாம் சேர்த்து வைப்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நிறத்துக்கு ஓர் உறை, உறை நிரம்பினால் பழையதில் சிலவற்றை வெளியேற்று. இதுதான் என் விதி.

பழையபெட்டி

தாள்மயில், துணுக்கு விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். சிறு பட்ஜெட்டில் வேலை செய்பவருக்குத் துணுக்குதான் மூலதனம். என் வாழ்த்து அட்டைகளில் பாதி, விரல் அகலத் துண்டுகளில் இருந்து வந்தவை. எறிந்துவிட்டால் அதே நிறத்துக்கு ஒரு முழுத் தாள் வாங்க வேண்டும்.

தாள்மயில்

நீங்கள் பயன்படுத்துகிறீர்கள், அதனால் உங்களுக்கு அது மூலதனம். சின்னத்தறிக்குக் கிடைப்பது ஒரு தட்டும் கட்டிலுக்கு அடியில் ஒரு கை உயரமும். அந்த இடத்துக்கும் விலை இருக்கிறது. பயன்படாத துணுக்கு, பயன்படும் நூலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. துணிக்கும் இது பொருந்தும். உள்ளங்கையை விடச் சிறிய துணி உங்கள் வேலைக்கு வருமா என்று கேளுங்கள். ஒட்டுத்துணி வேலை செய்பவருக்கு வரும். எம்பிராய்டரி மட்டும் செய்பவருக்குப் பெரும்பாலும் வராது.

பழையபெட்டி

அந்தக் கேள்வி சரி. அவரவர் செய்யும் வேலைதான் அளவுகோல் என்பதை ஏற்கிறேன். எறிவதற்குப் பதிலாகப் பள்ளிக்கோ அக்கம்பக்கக் குழந்தைகளுக்கோ கொடுக்கலாம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

களிமண்கை

டப்பா தேடி அலையும் எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை. எந்தப் பிளாஸ்டிக்கில் எதை வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

பாலிமர் களிமண் (பிவிசி பிளாஸ்டிக் கலந்த கைவினைக் களிமண்) வாங்கி, ஒளி ஊடுருவும் கெட்டியான ஒரு பிளாஸ்டிக் தட்டில் அடுக்கி வைத்திருந்தேன். சில மாதம் கழித்து எடுத்தபோது களிமண் தட்டோடு ஒட்டி, தட்டின் அடி இளகி, விரல் ரேகை பதியும் அளவுக்கு ஆகியிருந்தது. தட்டும் போயிற்று, களிமண்ணும் போயிற்று. பாலிமர் களிமண்ணில் பிவிசியை மென்மையாக்கும் ஒரு திரவம் கலந்திருக்கும். அது மெல்ல வெளியேறி, பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். வினைல் அழிரப்பரை ஸ்கேலோடு சேர்த்து வைத்தால் இரண்டும் ஒட்டிப் பள்ளம் விழுவதும் இதனால்தான்.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். 2, 4 என்றால் பாலிஎத்திலீன். இந்த மூன்றும் களிமண்ணுக்குப் பாதுகாப்பு. 6 என்றால் பாலிஸ்டைரீன், வேண்டாம். 3 என்றால் பிவிசி, அதில் படங்களையும் நல்ல தாள்களையும் நீண்ட நாள் வைக்காதீர்கள். உணவு வாங்கும்போது வரும் டப்பாக்களில் பல 5ஆக இருக்கும். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சுடுநீரில் கழுவி, முழுக்க உலர்த்திய பிறகு பயன்படுத்துங்கள்.

வெட்டும்கோடு

நான்கு வயதுக் குழந்தை என்று படித்ததும் எழுத உட்கார்ந்தேன்.

அலமாரித் தட்டு குழந்தைக்கு எட்டும் உயரமா? எட்டும் என்றால் கத்தி, பிளேடு, ஊசி, உடனடிப் பசை, காந்தம், பொத்தான் பேட்டரி இவை ஆறும் அந்தத் தட்டில் இருக்கவே கூடாது. மூடி இறுகும் ஒரு தகர டப்பாவில் போட்டு, வீட்டிலேயே உயரமான இடத்தில் வையுங்கள். சிறிய வலுவான காந்தங்களை இரண்டு விழுங்கினால் குடலின் இரு பகுதிகளை இடையில் வைத்து அவை ஒன்றையொன்று இழுத்து, குடலில் துளை விழச் செய்யும். பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒளிரும் வாழ்த்து அட்டைகள் செய்பவர்கள் இந்தப் பேட்டரிகளை மேசையில் விட்டுவிடுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்துகிறேன்.

ஊசிக்கு ஒரு வழி. ஃபெல்ட் துணியில் சிறு புத்தகம் தைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் பத்து இடங்களைக் கோடு போட்டு அடையாளமிடுங்கள். வேலை முடிந்து மூடும்போது எந்த இடம் காலி என்று கண்ணுக்குத் தெரியும். எண்ண வேண்டிய தேவையே இல்லை.

இதே முறையைக் கருவிகளுக்கும் செய்யலாம். அமெரிக்கச் சமையல் நூலாசிரியர் ஜூலியா சைல்டின் வீட்டுச் சமையலறையில், கொக்கி மாட்டும் துளைப்பலகையில் ஒவ்வொரு பாத்திரத்தின் வெளிக்கோட்டையும் வரைந்து வைத்திருந்தார்கள். எந்தப் பாத்திரம் எங்கே தொங்க வேண்டும் என்று சுவரே சொல்லும். அந்தச் சமையலறை இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் என் இழுப்பறையின் அடியில் ஒரு தாளை ஒட்டி, கத்தரிக்கோல், குறடு, ஸ்கேல் மூன்றின் வெளிக்கோட்டையும் பேனாவால் வரைந்துவிட்டேன். இப்போது வீட்டில் யார் எடுத்தாலும் திரும்பி வருகிறது.

சின்னத்தறி

எல்லோருக்கும் நன்றி. தட்டு குழந்தைக்கு எட்டும் உயரம்தான். இன்றே தகர டப்பாவைத் தேடி எடுத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். ஒளி ஊடுருவும் டப்பாவா, மூடிய பெட்டியா? உள்ளே இருப்பது தெரிந்தால்தான் நினைவு இருக்கும் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. எல்லா நிறமும் வெளியே தெரிந்தால் அலமாரியைத் திறந்ததுமே களைப்பாக இருக்கும் என்று இன்னொரு பக்கம் தோன்றுகிறது.

நூல்பந்து

தெரிவதுதான் முக்கியம். நான்கு கறுப்புச் சிட்டம் உங்களிடம் இருந்தும் வாங்கினீர்களே, அது கண்ணில் படாததால்தான்.

தாள்மயில்

வெயில் படும் அலமாரி என்றால் நூலும் தாளும் வெளுத்துவிடும், அதற்கு மூடிய பெட்டிதான் நல்லது. ஆனால் மூடிய பெட்டிக்கு வெளியே எழுதி ஒட்டாவிட்டால் அது சூட்கேஸின் இன்னொரு வடிவம்தான். "பல பொருட்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதிய பெட்டியில்தான் எல்லாம் போய்ச் சேரும்.

நூல்பந்து

ஒளி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அப்படியானால் காலணிப் பெட்டியின் முன்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சன்னல் வெட்டி, உட்புறமாக ஒளி ஊடுருவும் தாளை ஒட்டிவிடலாம். சன்னல் அலமாரிக் கதவைப் பார்த்தபடி இருக்கும், கதவு மூடியிருக்கும்போது வெளிச்சமும் படாது.

சிட்டங்களைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. எம்பிராய்டரி நூல் ஒரு சிட்டம் பொதுவாக 8 மீட்டர், ஆறு இழை. அதைச் சிட்டமாகவே போட்டு வைத்தால் சிக்கல் விழும். பழைய அட்டையில் தீப்பெட்டி அளவுக்குத் துண்டுகள் வெட்டி, மேலும் கீழும் சிறு வெட்டுப் போட்டு, நூலைச் சுற்றுங்கள். மேலே நிற எண்ணை எழுதுங்கள். டிஎம்சி நிறுவன நூல் என்றால் கறுப்புக்கு 310. நூலோடு வரும் சீட்டைக் கிழித்து எறிந்த பிறகு "இது எந்தச் சிவப்பு?" என்று தேடுவது பெரிய துன்பம். அட்டைகளை எண் வரிசையில் நிறுத்தி, அந்த எண்களைக் கைப்பேசியில் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நின்றுகொண்டே பார்க்கலாம்.

கம்பளி நூலுக்கு நிற எண்ணோடு சாயத் தொகுதி எண்ணும் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்கான எண்) சீட்டில் இருக்கும். அதையும் விடாமல் வைத்திருங்கள். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் தொகுதி மாறினால் சால்வையின் நடுவில் ஒரு கோடு போலத் தெரியும். உருண்டையாகச் சுற்றும்போது இறுக்காதீர்கள், இழுபட்டபடியே பல மாதம் இருந்தால் நூலின் துள்ளல் போய்விடும்.

மணிக்கோவை

சின்னத்தறி, நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. ஒவ்வொரு இரவும் மேசையைக் காலி செய்ய வேண்டும் என்றீர்கள். நாங்கள் இதுவரை சொன்னதெல்லாம் சேமிப்புக்கான வழிகள். உங்கள் உண்மையான சிக்கல் எடுத்து வைப்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நானும் மேசையைப் பகிர்ந்துகொள்பவள்தான். இனவாரியாக எவ்வளவு அழகாக அடுக்கினாலும், ஒரு வேலைக்கு ஆறு பெட்டிகளைத் திறக்க வேண்டியிருந்தால் இரவு பதினொரு மணிக்கு ஆறையும் மூடி வைக்க மனம் வராது. ஒரு பையில் திணித்துவிடுவோம். மூன்று துணிப்பைகள் அப்படித்தான் உருவாகியிருக்கும். ஆகவே நடப்பு வேலைக்கென்று கையில் தூக்கும் ஒரு தட்டு (அலமாரித் தட்டு அல்ல) ஒதுக்குங்கள். விளிம்பு உயர்ந்த தட்டாக, மேசையில் வைக்கும் அளவில் இருக்கட்டும். இப்போது செய்யும் வேலைக்கு வேண்டிய நூல், துணி, மாதிரிப் படம், சிறு கத்தரிக்கோல், அன்றைக்கு உதிர்ந்த துணுக்கைப் போட ஒரு சிறு டப்பா, எல்லாம் அதிலேயே. இரவில் தட்டை அப்படியே தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். உங்களுக்கு 18 செ.மீ. இருக்கிறது, தாராளம். கத்தரிக்கோலும் ஊசியும் மட்டும் உயரத்துக்குப் போகட்டும். வேலை முழுக்க முடிந்த நாளில்தான் மற்றவை பெட்டிகளுக்குத் திரும்ப வேண்டும்.

தட்டு ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எத்தனை தட்டோ அத்தனை வேலைதான் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அடுக்கி வைப்பதில் எனக்கு உண்மையில் பயன்பட்டது இது ஒன்றுதான். மற்ற டப்பாக்களை எல்லாம் இதற்குப் பிறகே வைப்பேன்.

வெட்டும்கோடு

மணிக்கோவை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இதைத்தான் முதல் பதிலாகப் போட்டிருக்க வேண்டும்.

சின்னத்தறி (மூன்று வாரம் கழித்து)

செய்து முடித்துவிட்டேன், ஓரளவுக்கு.

விரிப்பில் கொட்டி எண்ணியபோது கிடைத்தவை: பசைக் குப்பி ஆறு, அதில் இரண்டு கல்லாகிவிட்டன. கத்தரிக்கோல் நான்கு. இரண்டு மட்டும் போதும் என்று முடிவு செய்து, துணிக்கானதில் சிவப்பு நாடா கட்டிவிட்டேன். நாடா உள்ளதைத் தாளுக்கு எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. தாள் வெட்டினால் அந்தக் கூர்மை போய்விடும் என்று இங்கே யாரோ பழைய இழையில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறேன். மறந்தே போயிருந்த வெள்ளைத் துணி ஒன்றரை மீட்டர் கிடைத்தது. அதை வைத்தே அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டேன்.

மணிக்கோவை சொன்ன தட்டுத்தான் எல்லாவற்றையும் மாற்றியது. முதல் இரவே மேசையைக் காலி செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நூல்களை அட்டையில் சுற்ற நான்கு மாலைகள் ஆயின, அதில் இரண்டு மாலை குழந்தையும் கூட உட்கார்ந்து சுற்றியது. பெட்டிகளுக்கு எழுத்துக்குப் பதிலாகப் படம் வரைந்து ஒட்டினோம், இப்போது குழந்தையே தன் வண்ணக்குச்சிகளைச் சரியான பெட்டியில் கொண்டுபோய் வைக்கிறது.

தவறிய இடம் இழுப்பறை. முதலில் செய்தது தொய்ந்துவிட்டது. பழையபெட்டி சொன்னபடி சுவரில் நெளிவைச் செங்குத்தாகத்தான் வைத்தேன். ஆனால் அடித்தட்டுக்கு அட்டை போதாமல் ஒன்றை மட்டும் போட்டேன். பசைக் குப்பிகளை வைத்ததும் நடுவில் இறங்கிவிட்டது. இரண்டாவது அட்டையைக் குறுக்காக ஒட்டிய பிறகு நிற்கிறது. எடையுள்ளவற்றைக் கீழே, தாளையும் ஃபெல்ட்டையும் மேலே என்று மாற்றினேன்.

வாங்கியது ஜிப் பைகளும் தாள் டேப்பும் மட்டுமே.

இன்னும் இரண்டு கேள்விகள். கம்பளி நூலில் பூச்சி வருமா? துணியை இறுக்கிப் பிடிக்கும் எம்பிராய்டரி வளையங்கள் ஐந்து இருக்கின்றன, பெரியது 30 செ.மீ. அவை எதிலும் அடங்கவில்லை.

நூல்பந்து

முதலில் நூல் எதனால் ஆனது என்று பாருங்கள். துணிப்பூச்சியின் புழு கம்பளி, பட்டு, இறகு போன்ற விலங்குப் பொருட்களைத்தான் தின்னும். சுத்தமான பருத்தியையும் அக்ரிலிக்கையும் அது நாடாது. உண்மையான கம்பளி என்றால் மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். சந்தேகம் வந்தால் பைக்குள் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, உறைவிப்பானில் -18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள், இல்லாவிட்டால் நூலில் ஈரம் படியும்.

நாப்தலீன் உருண்டை வேண்டாம். குழந்தை இருக்கும் வீட்டில் அது மிட்டாய் போலத் தெரியும், ஆவியும் நல்லதல்ல.

வெட்டும்கோடு

வளையங்களுக்கு. அலமாரியில் துணி தொங்கவிடும் கம்பி இருக்கிறதா? திருகைக் கொஞ்சம் தளர்த்தி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, அகலமான நாடாவால் கட்டி, ஒரு துணி மாட்டியின் கொக்கியில் தொங்கவிடுங்கள். ஐந்தும் சேர்ந்து ஒரு சட்டையின் இடத்தைக்கூடப் பிடிக்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள், பாதி முடிந்த துணியை வளையத்திலேயே விட்டு வைக்காதீர்கள். வளையத்தின் தடம் துணியில் பதியும், திருகு துருப்பிடித்தால் கறையும் வரும். தட்டில் எடுத்து வைக்கும்போது துணியைக் கழற்றிவிடுங்கள்.

சின்னத்தறி

என் நூல் அக்ரிலிக், சீட்டைப் பார்த்துவிட்டேன். வளையங்கள் கம்பியில் தொங்குகின்றன, என் பழைய சால்வைக்குப் பக்கத்தில். துணியைக் கழற்றி வைப்பதை இன்றிரவிலிருந்து தொடங்குகிறேன். நாளை பகல் வெளிச்சத்தில் தட்டைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.